வேர்ட்பிரஸ் வலைப்பதிவைச் சீர்செய்யும், அதிகம் பேசப்படாத பிளகின்கள்: எதை எந்த வரிசையில் நிறுவுவது

சொந்த டொமைனில் வேர்ட்பிரஸ் வைத்துத் தமிழில் எழுதும் நண்பர்கள் சிலருக்கு அவர்களுடைய வலைப்பதிவைச் சீர்செய்து கொடுத்திருக்கிறேன். அவர்கள் போட்டிருந்த பிளகின்களில், அதாவது வேர்ட்பிரஸோடு கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்களில், பெரிய குறை இல்லை. போட்ட வரிசையில்தான் சிக்கல் இருந்தது. பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்து வேகமாகக் காட்டும் கேஷ் பிளகினை முதல் நாளே போட்டுவிட்டு, அதன்பின் செய்த மாற்றம் எதுவும் திரையில் தெரியவில்லை என்று இரண்டு நாள் அலைந்தவர் உண்டு. எல்லாப் பதிவுகளின் முகவரியையும் மாற்றி முடித்த பிறகு, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ரீடைரக்‌ஷன் பிளகினைத் தேடியவரும் உண்டு.

அதனால் இந்த வழிகாட்டியைப் படிகளாக எழுதியிருக்கிறேன். இதில் வரும் பிளகின்கள் எல்லாமே வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்தில் இலவசமாகக் கிடைப்பவை. சிலவற்றுக்குக் கட்டணப் பதிப்பும் உண்டு. இங்கே சொல்லும் வேலைகளுக்கு அது வேண்டியதில்லை. தேடும்போது பெயரை ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் நாலைந்து வந்து நிற்கும் என்பதால் முக்கியமானவற்றுக்கு உருவாக்கியவர் பெயரையும் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வேர்ட்பிரஸ்.காம் இலவசக் கணக்கிலும் பிளாக்கரிலும் இந்தப் பிளகின்களை நிறுவ முடியாது. நீங்களே ஹோஸ்டிங் எடுத்து வேர்ட்பிரஸ் நிறுவியிருந்தால்தான் இனி வருவது உங்களுக்குப் பயன்படும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் முழு பேக்கப். டேட்டாபேஸ் தனியாக, கோப்புகள் தனியாக, இரண்டும் ஹோஸ்டிங்குக்கு வெளியே உங்கள் கணினியிலோ கூகுள் டிரைவிலோ இருக்க வேண்டும். பேக்கப்பை அதே சர்வரில் வைத்திருந்தால், சர்வர் போகும் நாளில் பேக்கப்பும் சேர்ந்து போகும்.

அடுத்தது நிர்வாகி மின்னஞ்சல். அமைப்புகளில் பொதுப் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள முகவரி இன்றும் நீங்கள் திறந்து பார்க்கும் முகவரிதானா என்று பாருங்கள். 2019இல் வந்த 5.2 பதிப்பு முதல், ஒரு பிளகின் தளத்தையே முடக்கிவிட்டால் வேர்ட்பிரஸ் அந்த முகவரிக்கு ஒரு மீட்புச் சுட்டி அனுப்புகிறது. அதன் வழியாக உள்ளே போய்ப் பிரச்சினை தந்த பிளகினை அணைத்துவிடலாம். பத்து வருடத்துக்கு முன் தொடங்கிய, கடவுச்சொல் மறந்துபோன முகவரி அங்கே இருந்தால் அந்த வசதி இருந்தும் உதவாது.

மூன்றாவது, ஒரு குறிப்பேடு. தாளானாலும் சரி, போனில் ஒரு நோட்டானாலும் சரி. எந்தத் தேதியில் எந்தப் பிளகினை நிறுவினீர்கள், எந்த அமைப்பை மாற்றினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்று வாரம் கழித்து ஏதாவது உடையும்போது முதலில் தேடப்போவது அந்த வரியைத்தான்.

2. புதிது போடும் முன் பழையதைக் கழியுங்கள்

பிளகின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக, இது எனக்கு என்ன செய்கிறது என்று கேளுங்கள். பதில் தெரியாததை அணையுங்கள், ஒரு வாரம் பாருங்கள், அப்புறம் அழியுங்கள். அணைத்த நிலையிலேயே விட்டுவைப்பது தவறு. அணைத்த பிளகினின் கோப்புகளும் சர்வரில்தான் இருக்கின்றன. அவற்றில் பாதுகாப்பு ஓட்டை இருந்தால் அதுவும் அங்கேயே இருக்கும்.

படங்களைத் தாமதமாக ஏற்றுவதற்கும் தேடுபொறிக்கான தளவரைபடத்துக்கும் தனிப் பிளகின் வைத்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்தே இவை இரண்டும் வேர்ட்பிரஸுக்குள் இருக்கின்றன. பெரும்பாலான வலைப்பதிவுகளுக்கு அதுவே போதும்.

புதிய பிளகின் எதையும் எடுக்கும் முன் அதன் பக்கத்தில் மூன்று விஷயம் பாருங்கள்: கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், எந்த வேர்ட்பிரஸ் பதிப்பு வரை சோதித்தார்கள், உதவி கேட்டவர்களுக்குப் பதில் கிடைத்ததா. கடைசி மூன்று பெரிய பதிப்புகளோடு சோதிக்கப்படவில்லை என்று மஞ்சள் பட்டை இருந்தால் விலகிவிடுங்கள். குறைவான பேர் பயன்படுத்துவது ஒரு குறையே இல்லை. கவனிக்க ஆள் இல்லாமல் கிடப்பதுதான் ஆபத்து.

3. வாசகருக்குத் தெரியாமல் சோதிக்க: ஹெல்த் செக் அண்ட் ட்ரபுள்ஷூட்டிங்

இது வேர்ட்பிரஸ் சமூகமே உருவாக்கிய பிளகின். நிறுவியதும் 'ட்ரபுள்ஷூட்டிங் மோட்' என்று ஒரு பகுதி கிடைக்கும். அதை இயக்கினால் எல்லாப் பிளகின்களும் அணைந்து, வேர்ட்பிரஸின் இயல்பான தீமுக்கு (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) மாறிய தளம் உங்களுக்கு மட்டும் தெரியும். வாசகர்கள் வழக்கமான தளத்தையே பார்ப்பார்கள்.

இதை ஏன் மூன்றாவது படியாக வைக்கிறேன் என்றால், இனிமேல் வரும் ஒவ்வொரு படியிலும் ஏதாவது ஒன்று மோதலாம். அப்போது பகல் நேரத்தில், தளத்தில் ஆள் இருக்கும்போது, ஒவ்வொரு பிளகினாக அணைத்து அணைத்துப் பார்ப்பது நல்லதில்லை. இந்த நிலையில் ஒவ்வொன்றாக இயக்கிக்கொண்டே வந்தால் எதை இயக்கியதும் பிரச்சினை திரும்புகிறதோ அதுதான் காரணம். வேலை முடிந்ததும் அந்த நிலையிலிருந்து வெளியேற மறக்க வேண்டாம். மறந்துவிட்டு, என் பிளகின்கள் எல்லாம் போய்விட்டன என்று பதறி அழைத்தவர்கள் உண்டு.

இதன் துணைக்கு டபிள்யூபி ரோல்பேக் வைத்துக்கொள்ளலாம். புதிய பதிப்பு தொல்லை தந்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப வைக்கும். வேர்ட்பிரஸ்.ஆர்க் தளத்திலிருந்து வந்த பிளகின்களுக்கு மட்டுமே இது உதவும். வெளியில் விலைக்கு வாங்கியவற்றுக்கு உதவாது.

4. எது இழுக்கிறது என்று அளந்து பாருங்கள்: குவரி மானிட்டர்

ஜான் பிளாக்பர்ன் உருவாக்கியது. நிறுவியதும் மேலே உள்ள நிர்வாகப் பட்டையில் நான்கு எண்கள் தெரியும்: பக்கம் உருவாக எடுத்த நேரம், பிடித்த நினைவகம், டேட்டாபேஸுக்குச் செலவான நேரம், கேட்ட கேள்விகளின் எண்ணிக்கை. நிர்வாகியாக உள்நுழைந்த உங்களுக்கு மட்டுமே இது தெரியும்.

எண்களைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். அவற்றைச் சொடுக்கி, டேட்டாபேஸ் கேள்விகளை எந்தப் பிளகின் எத்தனை கேட்டது என்று பிரித்துக் காட்டும் பகுதிக்குப் போங்கள். முகப்பு, ஒரு பதிவு, ஒரு வகைப் பக்கம் என்று மூன்று இடத்தில் பாருங்கள். எந்தப் பெயர் மூன்றிலும் மேலே நிற்கிறதோ அதற்கு மாற்று தேவையா என்று யோசிக்கலாம்.

பலரும் பார்க்காமல் விடுவது, வெளித் தளங்களுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் பகுதி. பக்கம் திறக்கும்போதெல்லாம் ஒரு பிளகின் எங்கோ இருக்கும் சர்வரைத் தொடர்பு கொண்டு பதிலுக்குக் காத்திருந்தால், அந்த நேரம் முழுவதும் வாசகரும் காத்திருக்கிறார். நான் பார்த்த ஒரு சமையல் வலைப்பதிவில், பகிர்வு எண்ணிக்கை காட்டும் சின்னப் பிளகின் ஒன்றுதான் தாமதத்துக்குக் காரணம். அதை எடுத்ததும் வேறு எதையும் தொட வேண்டியிருக்கவில்லை.

இந்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த படிக்குப் போங்கள். அளவு இல்லாமல் தொடங்கினால், கடைசியில் வேகம் கூடியதா இல்லையா என்று மனம் போனபடி சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். அளந்து முடித்தபின் பிளகினை அணைத்துவிடலாம்; அதுவும் உங்கள் பக்கத்தில் கொஞ்சம் வேலை வாங்கும்.

5. பதிவு முகவரிகள்: தமிழில் எழுதுவோர் முதலில் கவனிக்க வேண்டியது

ரீடைரக்‌ஷன் பிளகினை நிறுவுவதற்கு முன் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

தமிழில் தலைப்பிட்டால் வேர்ட்பிரஸ் அந்தத் தலைப்பையே பதிவின் முகவரியாக்குகிறது. ஆனால் முகவரிக்கு அது ஒதுக்கும் இடம் 200 எழுத்து. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் முகவரியில் சதவீதக் குறியும் எண்ணும் கலந்த ஒன்பது எழுத்தாக விரிகிறது. 'கு' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கு அது ககரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு, அதாவது பதினெட்டு எழுத்து. புள்ளியும் தனிக் குறியீடுதான். ஆக, 200 எழுத்தில் 22 குறியீடுதான் அடங்கும்.

'பொங்கலுக்கு ஊருக்குப் போன கதை' என்று தலைப்பிட்டுப் பாருங்கள். முகவரி 'பொங்கலுக்கு-ஊருக்குப்-போ' என்று நின்றுவிடும். அதையே தொடராக எழுதினால் எல்லாப் பகுதிக்கும் இதே துண்டு முகவரிதான். பின்னால் 2, 3 என்று எண் மட்டும் ஒட்டும். நடுவில் ஒரு பகுதியை நீக்கி மறுபடி எழுதினால் அந்த எண்ணுக்கும் பகுதியின் எண்ணுக்கும் பொருத்தம் இருக்காது. வாட்ஸப்பில் ஒட்டும்போது முழுத்திரை நீளத்துக்குக் குறிகளாகக் கொட்டும். சில செயலிகள் அந்த நீளமான சுட்டியைப் பாதியில் வெட்டிவிட, வாசகர் 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 பக்கத்தில் போய் நிற்பார்.

தீர்வு எளிது. இனி எழுதும் பதிவுகளுக்கு, வெளியிடும் முன், முகவரியை ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொல்லில் கையாலேயே எழுதுங்கள். பொங்கல், ஊர், பயணம் என்று மூன்று சொல்லைச் சிறு கோடு போட்டு இணைத்தால் போதும். தமிழ்த் தலைப்பைத் தானாக ஒலிபெயர்த்துத் தரும் பிளகின்களை நான் பரிந்துரைப்பதில்லை. நமக்கு ஒரே எழுத்து இடத்துக்கு இடம் ககர ஒலியும் ஹகர ஒலியும் தரும்; இயந்திரம் எழுதித் தரும் வடிவத்தை யாரும் தட்டச்சுச் செய்ய மாட்டார்கள்.

பழைய பதிவுகளை என்ன செய்வது? தேடுபொறியிலிருந்து நன்றாக ஆள் வரும் பதிவுகளின் முகவரியைத் தொடாதீர்கள். அழகாக்குவதற்காக ஓடிக்கொண்டிருக்கும் பதிவைக் கலைக்க வேண்டியதில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் ரீடைரக்‌ஷனை நிறுவுங்கள், அப்புறம் மாற்றுங்கள்.

6. ரீடைரக்‌ஷனை அமைப்பது

ஜான் காட்லி உருவாக்கியது. நிறுவியதும் சில கேள்வி கேட்கும். பதிவின் முகவரி மாற்றங்களைக் கண்காணிக்கவா என்பதற்கு ஆம். 404 பதிவேடு வைக்கவா என்பதற்கும் ஆம். வாசகர்களின் ஐபி முகவரியைச் சேமிக்கவா என்பதற்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் தகவலை வைத்து ஒரு வலைப்பதிவர் செய்யப்போவது ஒன்றும் இல்லை. வீணாக அடுத்தவர் விவரத்தைச் சுமக்க வேண்டாம்.

வெளியிட்ட பதிவின் முகவரியை மாற்றினால் வேர்ட்பிரஸே பழையதை நினைவில் வைத்துத் திருப்பிவிடும், அப்புறம் எதற்கு இது என்று கேட்கலாம். உண்மைதான், பதிவுகளுக்கு அது உண்டு. ஆனால் 'என்னைப் பற்றி' போன்ற தனிப் பக்கங்களுக்கு இல்லை. வகைகளின் முகவரியை மாற்றினாலும் இல்லை. பக்கங்களை இந்தப் பிளகின் கண்காணித்துத் தானே திருப்பும். வகைகளுக்கு நீங்கள்தான் கையால் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

பிளாக்கரிலிருந்து இடம் மாறி வந்தவர்களுக்கு இது இன்னும் தேவை. தமிழ்த் தலைப்பை முகவரியாக்கத் தெரியாமல் பிளாக்கர் 'பிளாக்-போஸ்ட்' என்று பொதுப் பெயர் வைத்து எண்ணை ஒட்டிவிடும் என்பது பழைய பதிவர்கள் எல்லாருக்கும் தெரியும். பிளாக்கரில் சொந்த டொமைன் வைத்திருந்தால் அந்தப் பழைய முகவரிகளை ஒவ்வொன்றாகப் புதிய பதிவுக்குத் திருப்பலாம். பிளாக்ஸ்பாட் முகவரியாகவே இருந்திருந்தால், வாசகர் முதலில் வந்து சேருவது கூகுளின் சர்வரில் என்பதால், உங்கள் தளத்தில் உள்ள பிளகினால் ஒன்றும் செய்ய முடியாது.

போனில் திறக்கும்போது பிளாக்கர் முகவரியின் கடைசியில் '?m=1' என்று ஒரு கேள்விக்குறி வால் சேர்க்கும். பழைய பகிர்வுகளில் அது இருக்கும். திருப்பும் வரியைச் சேர்க்கும்போது, கேள்விக்குறிக்குப் பின் வருவதைப் புறக்கணிக்கும் தேர்வை எடுங்கள். இல்லாவிட்டால் போனில் பகிர்ந்த சுட்டிகள் மட்டும் உடைந்தே இருக்கும். கணினியில் சோதிக்கும் உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு வாரம் கழித்து 404 பதிவேட்டைத் திறங்கள். பெரும்பாலானவை தளத்தில் ஓட்டை தேடும் தானியங்கிகளின் தட்டல். அவற்றை விட்டுவிடுங்கள். உங்கள் பதிவின் பெயர் போலத் தெரியும் வரிகளை மட்டும் சரியான பதிவுக்குத் திருப்புங்கள். எல்லா 404களையும் முகப்புக்குத் திருப்புவது புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. சமையல் குறிப்பு தேடி வந்தவரை முகப்பில் விட்டால் அவர் திரும்பிப் போவார்; கூகுளும் அதைக் காணாத பக்கமாகவே கணக்கில் கொள்ளும்.

இன்னொன்று. முகவரியை மாற்றி, மனம் மாறிப் பழையதற்கே திரும்பினால், பழையதிலிருந்து புதியதற்கும் புதியதிலிருந்து பழையதற்கும் இரண்டு வரி சேர்ந்துகொண்டு பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும் நிலை வரலாம். திரும்பிய உடனே, பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பும் வரியைப் பட்டியலில் அழித்துவிடுங்கள்.

7. பதிவுகளுக்குள் உள்ள பழைய சுட்டிகள்: பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்

டொமைன் மாறினாலோ, எச்டிடிபி முகவரியிலிருந்து எச்டிடிபிஎஸ் முகவரிக்கு மாறினாலோ, பதிவுகளுக்குள் எழுதிய பழைய முகவரிகள் அப்படியே கிடக்கும். இந்தப் பிளகின் டேட்டாபேஸ் முழுக்கத் தேடி மாற்றித் தரும்.

டேட்டாபேஸில் நேரே கைவைத்து மாற்றக்கூடாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. வேர்ட்பிரஸ் சில அமைப்புகளைச் சேமிக்கும்போது சொல்லோடு சேர்த்து அதன் நீளத்தையும் எழுதி வைக்கும். சொல்லை மட்டும் மாற்றினால் நீளம் பொருந்தாது. அந்த அமைப்பையே படிக்க முடியாமல் போகும். தீம் அமைப்பும் விட்ஜெட்டுகளும் காணாமல் போகும் கதை இப்படித்தான். இந்தப் பிளகின் நீளத்தையும் சேர்த்துத் திருத்தும்.

முதலில் 'டிரை ரன்' என்ற ஒத்திகையை ஓட்டுங்கள். எத்தனை இடம் மாறும் என்று சொல்லும். ஐம்பது எதிர்பார்த்த இடத்தில் ஐயாயிரம் என்றால் நீங்கள் தேடிய சொல் மிகவும் பொதுவானது என்று பொருள், நிறுத்துங்கள். சொந்த டேட்டாபேஸில் மாற்றும்போது பதிவுகளின் நிரந்தர அடையாளமான ஜியுஐடியை மாற்றும் தேர்வைத் தொட வேண்டாம். வேலை முடிந்ததும் பிளகினை அழித்துவிடுங்கள். தினமும் தேவைப்படுவது அல்ல.

8. படங்கள்: இம்சானிட்டியும் எனேபிள் மீடியா ரீப்ளேஸும்

போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதை 150, 300, 768, 1024, 1536, 2048, 2560 பிக்சல் என்று ஏழு நகல் வரை எடுக்கும். மூலப்படத்தோடு எட்டு. தீமும் தன் பங்குக்கு இரண்டு மூன்று சேர்க்கும். ஒரு பயணப் பதிவில் இருபது படம் என்றால் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

இம்சானிட்டி, ஏற்றும் கணத்திலேயே மூலப்படத்தை நீங்கள் சொல்லும் அளவுக்குச் சுருக்கிவிடும். வலைப்பதிவுக்கு 1600 பிக்சல் அகலம் எனக்குப் போதுமாக இருக்கிறது. சுருக்கிய பின் பெரிய படம் சர்வரில் இருக்காது. ஆகவே மூலப்படங்களை வேறு இடத்தில் வைத்த பிறகே இதை இயக்குங்கள்.

எனேபிள் மீடியா ரீப்ளேஸ் ஒரு படத்தின் இடத்தில் இன்னொன்றை அதே பெயரில் வைக்கும். எழுத்துப்பிழையுள்ள வரைபடத்தைத் திருத்தி ஏற்றும்போது, அதைப் பயன்படுத்திய பதிவுகளைத் தேடித் தேடி மாற்ற வேண்டியதில்லை. மாற்றியபின்னும் பழைய படமே தெரிகிறது என்று பலரும் மறுபடி மறுபடி ஏற்றுவார்கள். அது பிரௌசர் சேமித்து வைத்த பழைய நகல். மறைநிலைச் சாளரத்தில் திறந்து பாருங்கள், புதியது தெரியும்.

தீம் மாற்றிய பிறகு, படங்களின் சிறு நகல்களை மறுபடி உருவாக்கும் ரீஜெனரேட் தம்ப்நெயில்ஸ் பிளகினை ஓட்டுவது சரிதான். அதில் பயன்படாத பழைய அளவுகளை அழிக்கும் தேர்வு ஒன்று இருக்கும். இடம் மிச்சமாகும் என்று அதை இயக்கினால், பழைய பதிவுகளில் அந்த அளவையே நேரடியாக இணைத்திருந்த படங்கள் உடையும்.

9. தேடல் பெட்டி: ரெலவன்சி

தமிழ் வலைப்பதிவில் தேடல் பெட்டியை யாரும் பயன்படுத்துவதில்லை என்று சொல்வார்கள். தேடினால் கிடைப்பதில்லை என்பதால் விட்டுவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

வேர்ட்பிரஸின் தேடல் நீங்கள் தட்டியதை எழுத்துக்கு எழுத்து அப்படியே தேடும். வாசகர் 'வீடு' என்று தேடுவார். நீங்கள் 'வீட்டில்', 'வீட்டுக்கு' என்று எழுதியிருப்பீர்கள். 'மரம்' என்று தேடுவார். பதிவில் 'மரத்தடி' இருக்கும். வேற்றுமை ஏறியதும் சொல்லின் உருவமே மாறிவிடுகிற மொழிக்கு இந்தத் தேடல் பொருந்தாது.

மிக்கோ சாரி உருவாக்கிய ரெலவன்சி தனியாக ஒரு சொல் அட்டவணை கட்டி, பொருத்தம் அதிகமுள்ள பதிவை மேலே காட்டும். நிறுவியதும் அட்டவணை கட்டச் சொல்லும். அதற்கு முன் டேட்டாபேஸில் இடம் பாருங்கள். பதிவுகள் பிடித்திருக்கும் இடத்தைப்போல் மூன்று மடங்கு அட்டவணைக்கு ஆகலாம்.

அட்டவணை கட்டும் முன் மாற்ற வேண்டியது, சொல்லின் குறைந்தபட்ச நீளம். இயல்பாக அது 3. மேலே சொன்ன குறியீட்டுக் கணக்கில் 'பூ', 'தீ', 'கை' எல்லாம் இரண்டுதான், அட்டவணைக்குள்ளேயே வராது. 2 என்று மாற்றிவிட்டுக் கட்டுங்கள். பின்னால் மாற்றினால் முழு அட்டவணையையும் மறுபடி கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்து, சொல்லின் ஒரு பகுதி பொருந்தினாலும் எடுக்கும் தேர்வை இயக்குங்கள். இப்போது 'மழை' என்று தேடினால் 'மழையில்', 'மழைக்காலம்' இரண்டும் வரும். ஆனால் 'கோயில்' என்று தேடினால் 'கோயிலுக்கு' இன்னும் வராது. 'கோயில்' என்பதன் கடைசியில் புள்ளி இருக்கிறது. 'கோயிலுக்கு' என்பதில் அந்த இடத்தில் உகரக் குறி. கணினிக்கு இரண்டும் வேறு.

இதற்கு வழி ஒரே பொருட்சொற்கள் என்ற பகுதியில் இருக்கிறது. 'கோயில் = கோயில', 'கோயில் = கோவில', 'வீடு = வீட்ட', 'மரம் = மரத்த' என்று வரிக்கு ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். புள்ளியை நீக்கிய அந்த அரைகுறை வடிவம் எல்லா வேற்றுமைக்கும் தொடக்கமாகப் பொருந்திக்கொள்ளும். உங்கள் வலைப்பதிவில் அடிக்கடி வரும் முப்பது நாற்பது பெயர்ச்சொல்லுக்கு இதைச் செய்தாலே போதும். ஒரு மாலை நேர வேலை. நான் செய்தவற்றில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான்.

இலவசப் பதிப்பில் இந்த வரிகள் வேலை செய்ய, தேடலின் இயல்பை 'ஏதாவது ஒரு சொல் இருந்தால் போதும்' என்ற நிலையில் வைக்க வேண்டும். 'எல்லாச் சொல்லும் வேண்டும்' என்று வைத்துவிட்டு, சேர்த்த சொல் பயன்படவில்லை என்று குழம்புவது இங்கே நடக்கும் வழக்கமான தடுமாற்றம்.

கடைசியாக, விலக்குச் சொற்களின் பகுதியில் அட்டவணையில் அதிகம் வரும் சொற்களை அதுவே காட்டும். 'ஒரு', 'இந்த', 'என்று', 'ஆனால்' போன்றவற்றை அங்கிருந்து விலக்குங்கள். அட்டவணையும் இளைக்கும்.

10. பின்னூட்டங்கள்: ஆன்டிஸ்பாம் பீ

ஸ்பாம் எனப்படும் குப்பைப் பின்னூட்டங்களை வடிகட்டும் பிளகின். பிளகின்கொலெக்டிவ் என்ற ஜெர்மன் குழுவினர் பராமரிப்பது. கேப்ச்சா கேட்டு வாசகரைத் தொல்லை செய்யாது. கணக்கு எதுவும் தொடங்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே அனுமதி பெற்ற பின்னூட்டக்காரரை நம்பு என்ற தேர்வை முதலில் இயக்குங்கள். குறிப்பிட்ட மொழிப் பின்னூட்டங்களை மட்டும் ஏற்கும் தேர்வை இயக்காதீர்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் வாசகர்கள் நமக்கு அதிகம். அவர்களுடைய மொழியை எந்தக் கருவியும் சரியாக இனம் காணாது. நாடுவாரியாகத் தடுப்பதும் அப்படித்தான். யாழ்ப்பாணத்திலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வாசகர் வருகிறார்.

முதல் இரண்டு வாரம் ஸ்பாமைத் தானாக அழிக்க விடாமல் தேக்கி வையுங்கள். தினம் ஒருமுறை அதைத் திறந்து, நல்ல பின்னூட்டம் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வேர்ட்பிரஸின் இயல்பான பின்னூட்டப் படிவத்தோடு மட்டுமே இது வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

11. எழுதும் வேலைக்கு இரண்டு

பப்ளிக் போஸ்ட் பிரிவ்யூ, டொமினிக் ஷில்லிங் உருவாக்கியது. வெளியிடாத பதிவை நண்பருக்குப் படிக்கக் கொடுக்க ஒரு சுட்டி தரும். அவருக்கு உங்கள் தளத்தில் கணக்கு தேவையில்லை. சுட்டி இயல்பாக 48 மணி நேரம் செல்லும். வெள்ளிக்கிழமை அனுப்பினால் திங்கள்கிழமை திறக்காது. அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள்.

யோஸ்ட் டூப்ளிகேட் போஸ்டைப் பலரும் பதிவை நகலெடுக்க மட்டும் வைத்திருக்கிறார்கள். அதில் 'ரீரைட் அண்ட் ரீபப்ளிஷ்' என்று ஒன்று உண்டு. வெளியான பதிவின் நகலில் நிதானமாக நாள் கணக்கில் திருத்தலாம். முடித்து அழுத்தியதும் அதே முகவரியில் மூலப்பதிவோடு சேர்ந்துவிடும். நீண்ட பதிவைத் திருத்தும்போது பாதி வேலை வாசகர் கண்ணில் படாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

12. நேரம் குறித்த பதிவு வெளியாகவில்லையா: டபிள்யூபி கிரான்ட்ரோல்

இதுவும் ஜான் பிளாக்பர்னுடையது. வேர்ட்பிரஸின் நேர அட்டவணை யாராவது தளத்துக்கு வரும்போதுதான் ஓடும். ஆள் குறைவாக வரும் வலைப்பதிவில் காலை ஆறு மணிக்குக் குறித்த பதிவு எட்டு மணிக்கு வெளியாவது இதனால்தான். இந்தப் பிளகின் வரிசையில் நிற்கும் வேலைகளை எல்லாம் காட்டும்.

பட்டியலில் செய்ய ஆளில்லாத வேலைகள் சில தெரியும். நீங்கள் எப்போதோ அழித்த பிளகின்கள் விட்டுச் சென்றவை அவை. பெயரைப் பார்த்து அந்தப் பிளகின் இப்போது இல்லை என்று உறுதி செய்த பிறகே நீக்குங்கள். வேர்ட்பிரஸின் சொந்த வேலைகளைத் தொட வேண்டாம்.

13. கேஷ் கடைசியில்

இப்போதுதான் கேஷ் பிளகின். இதற்கு முன் போட்டிருந்தால், மேலே செய்த எந்த மாற்றமும் வேலை செய்கிறதா, பழைய நகலைப் பார்க்கிறோமா என்று ஒவ்வொரு படியிலும் சந்தேகம் வந்திருக்கும்.

முதலில் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அவர்களே சர்வர் அளவில் கேஷ் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வைத்திருந்தால் இன்னொன்று வேண்டாம். லைட்ஸ்பீட் சர்வர் என்றால் லைட்ஸ்பீட் கேஷ் பொருந்தும். வேறு சர்வரில் அதன் பக்கக் கேஷ் வேலை செய்யாது. மற்றவர்களுக்குக் கேஷ் எனேப்ளர் போதும், அமைப்புகள் மிகக் குறைவு. இரண்டு கேஷ் பிளகின்களை ஒன்றாக ஓட்டாதீர்கள்.

கோப்புகளைச் சுருக்குவது, ஒன்றாக இணைப்பது போன்ற தேர்வுகளை ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு முறையும் கேஷைக் காலிசெய்து பாருங்கள். சோதிக்கும்போது உள்நுழைந்த நிலையில் பார்க்கக்கூடாது, ஏனென்றால் உள்நுழைந்தவருக்குப் பெரும்பாலும் கேஷ் இல்லாத பக்கமே வரும். போனை எடுத்து, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில், மறைநிலைச் சாளரத்தில் முகப்பையும், ஒரு பழைய பதிவையும், தேடலில் 'வீடு' என்று தட்டி வரும் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பின்னூட்டம் ஒன்றும் இட்டுப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் குறிப்பேட்டில் தேதியைப் போட்டுவிட்டு, புதிதாக ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள்.